ஒளித்து வைப்பதா எளிமை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் திரை வடிவமைப்பாளராக இருக்கிறேன். மாதாமாதம் மருந்து வாங்கும் வயதானவர்களுக்காக ஒரு ஆப் செய்கிறோம். முதல் திரையில் முன்பு 12 பொத்தான்கள் இருந்தன. அவற்றை மூன்று படக்குறிகளாகக் குறைத்தேன். மற்றதையெல்லாம் மூலையில் இருக்கும், தொட்டால் பட்டியல் விரியும் மூன்று கோடுகளுக்குள் வைத்துவிட்டேன். எழுத்தே இல்லாமல் திரை பளிச்சென்று இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ‘போன மாச மருந்துச் சீட்டு எங்கே?’ என்று கேட்டு வரும் போன்கள் கூடிவிட்டன. கண் முன்னால் இருப்பதைக்கூட இவர்கள் பார்ப்பதில்லை. இவர்களுக்கு எந்த அளவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்? விளக்க வீடியோ வைக்கலாமா? மனித மூளை ஒரு நேரத்தில் ஏழு விஷயங்களைத்தான் கையாளும் என்பது சரிதானே? கறுப்புப் பின்னணி நல்லதா?

க.,
கோவை

அன்புள்ள க.,

கறுப்பா வெள்ளையா என்பதைப் படிக்கிறவரே மாற்றிக்கொள்ள வழி வைத்துவிடுங்கள். வீடியோ வேண்டாம். மாத்திரை தீர்ந்துபோன கவலையில் போனை எடுப்பவர் அதை உட்கார்ந்து பார்க்க மாட்டார்.

ஏழு என்ற கணக்கை ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். காதில் விழுந்த எண்களையோ சொற்களையோ உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால் ஏறக்குறைய ஏழு வரை சொல்ல முடியும் என்பது அதில் வரும் ஒரு விஷயம். 2001-ல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்தார். ஆனால் இது மனதில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கான கணக்கு. கண் முன்னால் எழுதியிருப்பதற்கு இது பொருந்தாது.

ஓட்டலுக்குப் போயிருப்பீர்கள். சர்வர் வந்து “இட்லி, பொங்கல், பூரி, ரவா, ஆனியன், மசால், ஊத்தப்பம்” என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். நடுவில் சொன்னது எதுவும் நமக்கு நிற்காது. கடைசியாகக் கேட்டதைச் சொல்வோம், இல்லையென்றால் “ரெண்டு இட்லி” என்போம். அதே ஓட்டலில் சுவரில் பலகை மாட்டி நாற்பது அயிட்டம் எழுதியிருந்தால் யாரும் திணறுவதில்லை. நிதானமாக மேலிருந்து கீழே பார்த்து, வேண்டியதைச் சொல்கிறோம். நினைவிலிருந்து தேடி எடுப்பது ஒரு வேலை, பார்த்ததும் ‘இதுதான்’ என்று அடையாளம் காண்பது வேறு வேலை. இரண்டாவது மனிதர்களுக்கு மிகவும் சுலபம். உங்கள் பழைய திரை சுவர்ப் பலகை மாதிரி இருந்தது. நீங்கள் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டீர்கள்.

அந்த மூன்று கோடுகளை நார்ம் காக்ஸ் என்பவர் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக வரைந்தார். அந்தக் கணினி 1981-ல் வெளிவந்தது. வரிசையாக அடுக்கிய ஒரு பட்டியலின் சாயல் அது. நாள் முழுக்கத் திரையோடு வாழ்பவர்களுக்குப் பழகிவிட்டது. எழுபது வயதுக்காரருக்கு அது மூன்று கோடு, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை மிகவும் தொந்தரவு செய்தது. ‘கண் முன்னால் இருப்பதைக்கூட இவர்கள் பார்ப்பதில்லை.’ கண் முன்னால் இருந்ததை எடுத்து ஒளித்துவைத்தவர் நீங்கள்தானே? இதை இப்படியே விட எனக்கு மனமில்லை. காரணம் என் அப்பா.

அப்பா ஒரு மில்லில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஒரு அடித்தல் இருக்காது. ஓய்வு பெற்றபின் ஏடிஎம் கார்டு வாங்கினார். ஒரே வருடத்தில் இரண்டு முறை கார்டை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தார். அந்த மெஷின் முதலில் பணத்தைத் தரும். பிறகு ‘வேறு சேவை வேண்டுமா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினால்தான் கார்டு வெளியே வரும். இரண்டாவது முறை கிளையில் போய்ச் சொன்னபோது அங்கிருந்தவர், “பெரியவரே, பணத்தை எடுக்கத் தெரியுது, கார்டை எடுக்கத் தெரியலையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து நானும் திட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, “மூளை மழுங்கிப்போச்சுடா எனக்கு” என்றார். அப்புறம் அவர் ஏடிஎம் பக்கமே போகவில்லை. கடைசி வரை சலானை நிரப்பிக்கொண்டு கவுண்டரில்தான் நின்றார்.

அவர் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, க. போன காரியம் முடிந்ததும் மனம் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடும். அது எல்லா வயதிலும் அப்படித்தான். ஜெராக்ஸ் கடையில் நகலை வாங்கிக்கொண்டு ஒரிஜினலைக் கண்ணாடிமேல் விட்டுவிட்டு வராதவர் யார்? அப்பா போன காரியம் பணம். பணம் கைக்கு வந்த நொடியில் காரியம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வேலையை வைத்தது அந்த மெஷினைச் செய்தவரின் பிழை. கார்டை முதலில் கொடுத்து, அதை எடுத்த பிறகே பணத்தைத் தரும் மெஷின்கள் இருக்கின்றன. அங்கே பொத்தான் ஒன்றுகூடக் குறையவில்லை. வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதைத்தான் நான் எளிமை என்பேன்.

இரண்டாம் உலகப் போரில் இதே கதை விமானத்தில் நடந்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் தரையிறங்குவதற்காக இறக்கையில் விரித்த தட்டிகளை (ஃபிளாப்) மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றில் விழுந்து நொறுங்கும். ‘விமானியின் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு ஸ்விட்சும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான ஸ்விட்சில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் தட்டிக்கான ஸ்விட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். தொட்டாலே கைக்குத் தெரிந்துவிடும். அந்தத் தவறு நின்றது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்தை இயக்கும் கைப்பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், போர் விமானம் ஓட்டத் தேர்ந்தெடுத்த, திடமான இளைஞர்கள் அவர்கள். அவர்களே தடுமாறினார்கள் என்றால், கண்புரையும் சர்க்கரையும் இருக்கிற ஒரு பாட்டியிடம் ‘பார்க்கவில்லை’ என்று குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். அந்த போன்கள் உங்களை உறுத்தியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பாராட்டில் மயங்கிக் கிடந்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள். வெட்டி ஒட்டும் வசதியைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் ஒரு விஷயத்தை வலியுறுத்திவந்தார்: ஒரு வேலையில் இருக்கும் சிக்கலை ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது, அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் திரையிலிருந்து இறக்கிய சுமை காணாமல் போகவில்லை. மருந்துக்காகக் காத்திருப்பவர் தலையில் ஏறியிருக்கிறது.

முதல் திரையில் ‘போன மாத மருந்துகள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். படம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ‘பரிந்துரை ஆவணங்கள்’ என்றெல்லாம் எழுத வேண்டாம், தயவுசெய்து. பொத்தான் பன்னிரண்டா எட்டா என்பது தானாகத் தெரியவரும்.

வருகிற போன்களை உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் எடுக்கிறார் அல்லவா? ஒரு வாரம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அழைப்பவர்கள் எதை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பொத்தான்மேல் எழுத வேண்டிய சொற்கள் அந்த நோட்டில் இருக்கும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.