கலைஞர் வரும் நாளுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகள். ஓவிய ஆசிரியர் கிடையாது, எனக்கும் வரைய வராது. சேலத்துப் பக்கம் ஒரு குயவர் பள்ளிக்கு வந்து சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார். ஊரிலேயே அருமையாகக் கோலம் போடும் பாட்டி ஒருவரும் இருக்கிறார். இவர்களை எப்போது அழைப்பது, என்ன செய்யச் சொல்வது, பணம் எப்படித் தருவது? அன்று என் வேலை என்ன?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது.

நான் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தேன். பத்தே நிமிடத்தில் கரும்பலகையில் ஒரு மயிலை வரைந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் அதைப் பார்த்து வரைந்தார்கள். நாற்பது தாளிலும் ஒரே மயில். ஒரு பையன் மட்டும், “எங்க காட்டுக்கு வர்ற மயிலு இப்படி இருக்காது சார், கழுத்தை நீட்டிக்கிட்டு ஓடும்” என்றான். பலகையில் இருக்கிறபடியே வரை என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அன்று வகுப்பில் மயிலை உண்மையாகப் பார்த்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஓவியர் மேல் தவறில்லை. வந்து என்ன செய்ய வேண்டும் என்று நான் அவரிடம் பேசவே இல்லை.

ஆகவே உங்களுக்கு வரைய வராதது ஒரு குறையே அல்ல. கையும் தொழிலும் குயவருடையது. எந்தப் பிள்ளை எதைத் தொட்டால் மலரும், எது பேசாமல் ஒதுங்கி உட்காரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவரை அழைப்பதற்கு முன் ஒரு நாள் கீழே இறங்கி, அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். “நீங்க செஞ்சு காட்டுறது கொஞ்சமா இருக்கட்டும் ஐயா, பிள்ளைங்க கை வைக்கிறது நிறைய இருக்கட்டும்” என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

எப்போது அழைப்பது? பிப்ரவரி மாதம்தான் என் தேர்வு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் மழையும் சேர்ந்துகொண்டால் பச்சைமண் வாரக்கணக்கில் காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். குயவருக்கும் அது ஓய்வில்லாத காலம். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை என்று வேலை தொடர்ந்து வரும். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் உங்கள் பிள்ளைகளின் பெற்றோரும் தோட்டத்தில் இருப்பார்கள். பொங்கல் முடிந்து, ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் எல்லோருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வரும் வழியில் கண்ணில் படும் மண்ணில் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்வராயன் மலையில் செம்மண், காவி, பழுப்பு, கருப்பு எல்லாம் கிடைக்கும். பழைய வேட்டித் துணியில் சலித்து, முந்தின இரவு ஊறவைத்த வேலம்பிசினோடு குழைத்தால் நல்ல வண்ணம் வரும். தாளில் பூசிக் காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால் உதிரக் கூடாது. உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் பிசின் சேருங்கள். எந்தக் கடையிலும் வாங்காமல் ஐந்தாறு நிறம் கையில் இருக்கும். மண்ணைத் தடவிப் பார்த்துப் பழகிய பிள்ளை குயவரிடம் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

முடிந்தால் அவரை மூன்று முறை வரவழையுங்கள். முதல் நாள் காட்டவும் பேசவும் மட்டும். வெட்டியெடுத்த மண்கட்டி, மிதித்துப் பதமாக்கிய மண், பாதி காய்ந்த சட்டி, சுட்ட சட்டி, உடைந்த ஓடு என ஒவ்வொரு நிலையிலும் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். பச்சைச் சட்டியையும் சுட்ட சட்டியையும் பிள்ளைகள் தட்டிக் கேட்கட்டும். ஓசையிலேயே வித்தியாசம் தெரியும்.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே 34 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு எந்த வேலையும் இல்லை. அந்தச் சின்னக் கைகளுக்குச் சக்கரத்து மண் அடங்கவும் அடங்காது. கடைசியில் பானை குயவருடையதாகத்தான் இருக்கும். அவர் இரண்டு பானை வனைந்து காட்டினால் போதும். பிள்ளைகளுக்குக் கைவேலைதான் சரி.

இரண்டாம் வருகை முழுக்கப் பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒரு சின்ன ஆரஞ்சுப் பழ அளவு, சுமார் 300 கிராம் மண். கைக்குதவ மிச்சம் வேண்டும் என்பதால் மொத்தம் 15 கிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஈரச் சாக்கு போட்டு மூடியே இருக்கட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எந்தப் பொருளும் செய்யச் சொல்ல வேண்டாம். அமுக்கட்டும், உருட்டட்டும், காப்பி இலையையும் சில்வர் ஓக் இலையையும் பதித்து நரம்பைப் பார்க்கட்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை உள்ளவர்கள், உருண்டையில் கட்டைவிரலை விட்டுக் கிண்ணமாக்கலாம், திரி உருட்டிச் சுற்றி அடுக்கலாம். ஒட்டும் இடத்தைக் குச்சியால் கீறி, குழைசேறு (தண்ணீரில் கூழாகக் கரைத்த அதே மண்) தடவி ஒட்ட வேண்டும். வெறுமனே அழுத்தி வைத்தால் காயும்போது கழன்றுவிடும். சுவர் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. கனத்த மண்ணின் உள்ளே ஈரம் நின்றால், சூளையில் அது ஆவியாகி வெடித்துவிடும்.

இப்போது மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குயவர் போன மறுநாள், பார்த்ததை வரையச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை குயவரின் கையை உடம்பைவிடப் பெரிதாக வரைந்திருக்கும். பானைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற மாதிரியும் வரைந்திருக்கும். திருத்தாதீர்கள். குழந்தைகளின் ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், ஏழிலிருந்து ஒன்பது வயது வரை பிள்ளைகள் தங்களுக்கு முக்கியமாகப் பட்டதைப் பெரிதாக வரைவார்கள், தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள் என்று விளக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளை அன்று பார்த்தது கையைத்தான். அளவு தப்பு என்று சொன்னால் அடுத்த முறை பார்ப்பதையே விட்டுவிடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் சிக்கல் வேறு. ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைகள் தங்கள் படத்தை அசலோடு ஒப்பிடத் தொடங்குவார்கள். “எனக்கு வரையத் தெரியாது சார்” என்ற பேச்சு அப்போதுதான் வரும். இவர்களுக்குத்தான் உங்கள் பாட்டி. கோலத்தில் அசலைப் போல இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது, விதி மட்டும் உண்டு. 7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை என்று பாட்டி சொல்லட்டும், பிள்ளைகள் வைக்கட்டும். மொத்தம் எத்தனை புள்ளி என்று நீங்கள் கேளுங்கள். நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4, ஆக 37. அதே 37 புள்ளியில் பாட்டி ஒரு சிக்குக் கோலம், அதாவது புள்ளிகளைச் சுற்றிக் கம்பி (கோடு) வளைந்து போகும் கோலம், இழுத்துக் காட்டி, உடனே அழித்துவிட வேண்டும். அழிப்பது கட்டாயம், இல்லாவிட்டால் என் நாற்பது மயில்தான் திரும்ப வரும். பிறகு ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வழியில் கம்பியை இழுக்கட்டும்.

பாட்டியைப் பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தும்போது ‘இன்று நம் பள்ளிக்கு வந்திருக்கும் கலைஞர்’ என்றே சொல்லுங்கள். உள்ளூர்க்காரர், தெரிந்தவர் என்பதற்காகச் சம்பளமில்லாமல் அனுப்பாதீர்கள். குயவருக்கு அன்றைய கூலி எவ்வளவோ அதைக் கேட்டு, அதற்குக் குறையாமல், பேருந்துச் செலவும் மண் விலையும் தனியாகச் சேர்த்து, உறையில் வைத்துக் கொடுங்கள். பாட்டிக்கும் அதே தொகை. சால்வையும் மாலையும் கூலிக்கு ஈடாகாது. தலைமை ஆசிரியரிடம் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி எழுப்ப வழியில்லை.

அடுத்த ஆண்டு வேறு யாரையாவது அழைக்கத் தோன்றும். நெசவாளர் மிகவும் நல்லது. அட்டையில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிப் பாவு (நெடுக்கு நூல்) கட்டினால், ஊடையை (குறுக்கு நூலை) ஆறு வயதுப் பிள்ளைகூட ஓட்டிவிடும். சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளைப் பக்கம் கழிவு நூல் கேட்டுப் பாருங்கள். தெருக்கூத்துக் கலைஞரை அழைத்தால் முகத்தில் எழுதும் வண்ணங்களைப் பற்றிப் பேசச் சொல்லலாம். தம்மம்பட்டி மரச்சிற்பிகளின் வேலையைக் கண்ணால் பார்த்தால் போதும், உளி இந்த வயதுக்கு வேண்டாம். வெள்ளிக் கொலுசு வேலைக்கும் அதேதான்: பற்றவைப்பும் அமிலமும் பள்ளிக்குள் வரக் கூடாது, செம்புக் கம்பியை வளைத்து வடிவம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வந்தாலும், வகுப்பு முடியும்வரை நீங்கள் அறையைவிட்டு வெளியே போக வேண்டாம்.

பிள்ளைகள் செய்தவற்றை ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். அடியில் குச்சியால் பெயரைக் கீறியிருக்கிறார்களா என்று ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். கீழே சூளைக்குக் கொண்டுபோகும்போதுதான் நிறைய உடையும். சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டியில் மரத்தூளோ உமியோ நிறையக் கொட்டி, ஒன்றோடொன்று இடிக்காமல் புதைத்து, உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள். சூளையின் ஓரத்தில் தன் சட்டிகளோடு சேர்த்து அவர் சுட்டுத் தருவார்.

சுட்டதை எடுத்துக்கொண்டு அவர் மூன்றாம் முறை வரும்போது, வெடித்ததையும் விரிசல் விட்டதையும் எறிந்துவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏன் வெடித்தது என்று அந்தப் பிள்ளைக்கு அவரே சொல்லட்டும். ஒரு உருண்டை ஈர மண்ணையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து இன்னொன்று செய்யும்.