கணினி கேள்வி – பதில்: மெனுவின் இயல்புத் தேர்வு எதுவாக இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் பள்ளி லேபில் உள்ள 30 கணினிகளிலும் ஒவ்வொன்றாகப் பென்டிரைவ் செருகாமல், ஒரே சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக டெபியன் லினக்ஸை நிறுவ பிஎக்ஸ்இ முறையை அமைத்துள்ளேன். பழைய கணினிகளில் மெனு வருகிறது, புதியவற்றில் வரவில்லை. மேலும், டைம்அவுட் (மெனு காத்திருக்கும் நேரம்) 30 என்று கொடுத்திருந்தும், மெனுவைப் படித்து முடிப்பதற்குள் நிறுவல் தானாகவே தொடங்கிவிடுகிறது. இவற்றை எப்படிச் சரிசெய்வது?
– கணினி ஆசிரியர், குடியாத்தம்

பதில்: இரண்டாவதாகக் கேட்டிருப்பதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பிஎக்ஸ்இ முறையில் மெனுவைக் காட்டும் பிஎக்ஸ்இலினக்ஸ் நிரலில், டைம்அவுட் வரியில் தரப்படும் எண், விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். 30 என்றால் மூன்று விநாடிதான். அரை நிமிடம் வேண்டுமானால் 300 என்று எழுத வேண்டும். ஆனால் நேரத்தை நீட்டினால் மட்டும் போதாது. நேரம் முடிந்ததும் தானாகத் தேர்வாவது நிறுவல் வரியாக இருக்கும் வரையில், நெட்வொர்க் வழியாக பூட் ஆவதை (தொடங்குவதை) முதலிடத்தில் வைத்திருக்கும் கணினி, நிறுவி முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடியும் நிறுவத் தொடங்கும். நிறுவியின் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்கும் பிரிசீட் கோப்பையும் இணைத்து, டிஸ்க்கைப் பிரிப்பதற்கான ஒப்புதலையும் அதிலேயே கொடுத்திருந்தால், மாணவர்கள் சேமித்தவை யாரையும் கேட்காமலே அழிந்துபோகும். ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் செய்யும் லோக்கல்பூட் வரியையே இயல்புத் தேர்வாக்குங்கள். நிறுவல் வரிக்குக் கடவுச்சொல் வையுங்கள். டேப் விசையை அழுத்தி வரியைத் திருத்த முடியாதபடி அலவ்ஆப்ஷன்ஸ் மதிப்பை 0 ஆக்குங்கள். பூட் கோப்புகளை சர்வரிலிருந்து அனுப்பும் டிஎஃப்டிபி முறையில், கோப்புகளைக் கேட்பவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது என்பதால், மெனுக் கோப்பை லேபில் உள்ள எவரும் எடுத்துப் படிக்கலாம். கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல் ஹாஷ் வடிவில் (மூலச் சொல்லை எளிதில் கண்டறிய முடியாத குறியீடாக) எழுதுவது நல்லது.

குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டும் நிறுவ வேண்டுமென்றால், அவற்றின் மேக் முகவரியையே (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணையே) பெயராகக் கொண்ட தனித்தனி மெனுக் கோப்புகளை வைக்கலாம். பொதுவான டிஃபால்ட் கோப்புக்கு முன்னதாக இவைதான் தேடப்படும். பெயரின் தொடக்கத்தில் 01 என்ற எண்ணும் ஒரு சிறு கோடும் வர வேண்டும், எழுத்துகள் சிறிய எழுத்துகளாக இருக்க வேண்டும், முக்காற்புள்ளிக்குப் பதில் சிறு கோடு இட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பொது மெனுவே தோன்றும். காரணம் தெரியாமல் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி, மெனு வராத கணினிகள். கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில் பழைய வகை பயாஸ், புதிய வகை யூஇஎஃப்ஐ. அவை பயாஸ் அல்லாமல் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகின்றன என்றே கருதுகிறேன். பயாஸுக்கான பூட் கோப்பை யூஇஎஃப்ஐ இயக்காது. ஐபி முகவரி கேட்டு அனுப்பும் டிஹெச்சிபி கோரிக்கையின் 93ஆம் விருப்பத்தில் கணினி தன் வகையைத் தெரிவிக்கிறது: பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. அந்த எண்ணைப் பார்த்து வெவ்வேறு பூட் கோப்புகளை அனுப்பும்படி சர்வரை அமைக்க வேண்டும். ஐபி முகவரி தருவதை இப்போதுள்ள ரூட்டரிடமே விட்டுவிட்டு, பூட் கோப்பை மட்டும் அறிவிக்கும் பிராக்ஸி முறை டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளில் இருக்கிறது. பள்ளி ரூட்டரில் கைவைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு இதுவே வசதி. கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைக்க வேண்டியதில்லை, ஏனெனில் டெபியன் 10 முதல் கையொப்பமிட்ட ஷிம், கிரப் என்ற பூட் கோப்புகள் கிடைக்கின்றன. ஆனால் கிரப்புக்கு மெனுவைத் தனியாக எழுத வேண்டும்; அதில் டைம்அவுட் முழு விநாடிக் கணக்கு என்பதால், அங்கே 300 என்று எழுதினால் ஐந்து நிமிடம் காத்திருக்க நேரும்.

சர்வரை இணைத்திருக்கும் ஸ்விட்ச் 100 மெகாபிட் வகையா, கிகாபிட் வகையா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு கணினிக்கு 2 ஜிபி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முப்பதுக்கும் சேர்த்து 60 ஜிபி. முதல் வகையில் இதற்கு ஒன்றரை மணி நேரமாகும், இரண்டாவதில் பத்து நிமிடத்துக்குள் முடியும். கோடை விடுமுறையில் இவ்வேலையைச் செய்வதாக இருந்தால், வேலூர் வெயிலில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சர்வரோடு ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு, ஐந்தாறு கணினிகளாகப் பிரித்து நிறுவுங்கள்.