சர்வர் படுத்துவிட்டால் யாரை எழுப்புவது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஐ.டி. வேலை பார்க்கும் நண்பர்கள், பெரிய கோளாறு வரும்போது யாரை, எப்போது கூப்பிடுவது என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு சீனியரை எழுப்பத் தயக்கமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் நானே பார்க்கலாம்?

தம்பி, வாடிக்கையாளருக்கு அடி விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பணம் கட்ட முடியவில்லை, லாகின் ஆகவில்லை, கணக்கு தப்பாக ஏறுகிறது, இதில் ஏதாவது ஒன்று என்றால் அந்த நிமிடமே போன் போடுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மற்ற அலர்ட்டுகளுக்குப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டதற்கு ஒருவர் முகம் சுளித்தால் அதை மேனேஜர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கூப்பிட்டால் "சர்வர் டவுன் சார்" என்று நிறுத்திவிட வேண்டாம். "1.40-லிருந்து பில்லிங் பக்கம் எரர் தருகிறது. ஆப் சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எல்லாம் நிறைந்துவிட்டது. 1.30-க்கு ஒரு டிப்ளாய் (புது வெர்ஷன் ஏற்றுவது) போயிருக்கிறது. டேட்டாபேஸைப் பார்க்க நீங்கள் வேண்டும்." இவ்வளவு போதும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று புரிந்துவிடும்.

இன்னொன்று. எதையாவது அழிக்கும் கமாண்டை, இன்னொருவர் திரையைப் பார்க்காமல் போடவே போடாதீர்கள். 2017 ஜனவரி 31 இரவு, புரோகிராம் கோடு சேமித்துவைக்கும் இணைய சேவையான கிட்லேபில், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை ஒரு இன்ஜினியர் அழித்தார். சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் சரியாக எடுக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து: எங்கள் இடத்தில் நேர்மாறு. சின்னக் கோளாறுக்கும் நாற்பது பேரை பிரிட்ஜ் காலில் (எல்லோரும் சேரும் ஒரே போன் அழைப்பில்) இழுத்துப் போடுகிறார்கள்.

அந்த நாற்பது பேரில் முடிவெடுப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், அவர் கீபோர்டைத் தொடக் கூடாது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பதும், தேவைப்பட்டவரை அழைப்பதும், வேலை முடிந்தவரைப் பெயர் சொல்லி அனுப்பிவைப்பதும்தான் அவர் வேலை. இந்த முறை 1970-இல் கலிஃபோர்னியாவில் பரவிய காட்டுத்தீக்குப் பிறகு தீயணைப்புத் துறைகள் உருவாக்கியது. கம்ப்யூட்டர் உலகம் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. நிலவரம் மட்டும் தெரிய வேண்டியவர்களுக்கு அரை மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும், அவர்கள் காலில் இருக்க வேண்டியதில்லை.

ஆம்பூரிலிருந்து: சார், ஷூ ஏற்றுமதி கம்பெனியில் ஐ.டி. என்றால் நான் ஒருத்திதான். எனக்கு ஏது டீம்?

உங்கள் டீம் வெளியே இருக்கிறதம்மா. இன்டர்நெட் கம்பெனி, ஈ.ஆர்.பி. (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) வெண்டர், ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள், ஜெனரேட்டர் பார்ப்பவர், செலவுக்கு ஓகே சொல்லும் முதலாளி. ஒவ்வொருவருக்கும் போன் நம்பர், கஸ்டமர் ஐடி, ஞாயிற்றுக்கிழமை எடுப்பாரா மாட்டாரா என்பது வரை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தாளில்தான் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, சரிசெய்ய வேண்டிய அவர்களுடைய உள் கருவிகளும் சேர்ந்தே முடங்கின.

சாவி வைத்திருப்பவரையும் அந்தத் தாளில் சேருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் கோளாறில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து கோளாறான ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவி எண் எங்கே என்று தெரியாத இடங்களில் பாடு இன்னும் அதிகம்.

ஆற்காட்டிலிருந்து: நெட்வொர்க் டீமும் ஆப் டீமும் ஒருவரையொருவர் கை காட்டினால்?

இரண்டு பேரையும் ஒரே காலில் உட்கார வைத்து, ஒரே ஒரு ரிக்வெஸ்ட்டை எடுத்து, அது எந்த இடம் வரை போய் நிற்கிறது என்று லாகில் (சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவில்) காட்டச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து: ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) என்று சந்தேகம். முதலில் யார்?

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், மெஷினை ஆஃப் செய்யாதீர்கள், ஃபார்மட் பக்கமே போகாதீர்கள், தடயம் போய்விடும். செக்யூரிட்டி ஆள் முதலில், கூடவே முதலாளியும் வக்கீலும். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி இப்படிப்பட்ட தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் உடனே கூப்பிடுங்கள்.

வேலூரிலிருந்து: ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் பார்க்கிறேன். நர்ஸுகளையும் கூப்பிட வேண்டுமா?

கட்டாயம். வெளியூரிலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வரும் ஊர் நம்முடையது. லேப் ரிசல்ட் திரையில் வராவிட்டால் எந்த வார்டில் யாருக்கு ஆபத்து என்பது சர்வர் ரூமுக்குத் தெரியாது, வார்டு சிஸ்டருக்குத்தான் தெரியும். எதை முதலில் எழுப்ப வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். எப்போதிலிருந்து பேப்பரில் எழுதலாம் என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். சிஸ்டம் வந்ததும் அவரை அனுப்பிவிடாதீர்கள். பேப்பரில் எழுதிய மருந்தும் ரிசல்ட்டும் நோயாளி நம்பர் வாரியாக ஏறிவிட்டதா என்று அவர் சரிபார்த்துச் சொன்ன பிறகே இன்சிடென்ட்டை மூடுங்கள்.