கடை எண் யார் பெயரில் இருக்கிறது? ப்ரீபெய்டு இணைப்புகள் பற்றிய கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் நெடுங்காலமாக சிம் விற்பனையும் ரீசார்ஜும் செய்துவருபவன் என்ற முறையில், கடலூர், புதுச்சேரி வட்டாரச் சிறு வணிகர்கள் ப்ரீபெய்டு இணைப்புகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த நிறுவனம் உயர்ந்தது என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் கல்லாப்பெட்டி இருக்கும் இடத்தில் எதற்கு சிக்னல் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு உயர்ந்தது.

திருப்பாதிரிப்புலியூர், சமையல் ஒப்பந்தக்காரர்: ஐயா, எங்கள் பெயர்ப்பலகையிலும் பாத்திரங்களிலும் எழுதியிருக்கும் எண், முன்பு எங்களிடம் மேலாளராக இருந்த தம்பியின் ஆதாரில் வாங்கியது. அவர் விலகித் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். சிம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ரீசார்ஜும் நாங்களே செய்கிறோம். எண் எங்களுடையதுதானே?

பதில்: இல்லை. ரீசார்ஜுக்குப் பணம் கட்டுவதாலோ, சிம் அட்டை உங்கள் மேசை இழுப்பறையில் இருப்பதாலோ எண் உங்களுடையதாகிவிடாது. யாருடைய அடையாளச் சான்றில் இணைப்பு வழங்கப்பட்டதோ அவரே சந்தாதாரர். அந்தத் தம்பி நாளைக் காலையில் நிறுவனத்தின் கடைக்குச் சென்று, சிம் தொலைந்துவிட்டது என்று கூறி விரல் ரேகை வைத்தால், சற்று நேரத்தில் புதிய சிம் அவர் கைக்கு வந்துவிடும். உங்கள் இழுப்பறையில் இருக்கும் அட்டை வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும். முகூர்த்த மாதத்தில் வரும் விசாரணை அழைப்புகள் அனைத்தும் அவருக்குத்தான் போகும்.

ஆகவே சுமுகமாக இருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள். இருவரும் ஆதாருடன் நிறுவனத்தின் சொந்த விற்பனை நிலையத்துக்குச் செல்ல வேண்டும். என்னைப் போன்ற ரீசார்ஜ் கடையில் அது நடக்காது. வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தால் பெயர் தானாக மாறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மாறாது, போர்ட் செய்வதற்கும் பழைய சந்தாதாரரே வர வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால், வீணாகச் சண்டைக்குப் போகாமல், உங்கள் பெயரில் புதிய எண் வாங்கி இன்றே பலகையில் இரண்டாவது வரியாக எழுதுங்கள். பழைய எண் உங்கள் கையில் இருக்கும்வரை, அழைக்கும் ஒவ்வொருவருக்கும் புதிய எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரி, நேரு வீதி, துணிக்கடை: கடைக்கு எந்த பிளான் சிறந்தது?

பதில்: கடையில் வைஃபை இருந்தால் டேட்டா இல்லாத பிளான் போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் பிறப்பித்த விதியால், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பிளான்கள் வந்துவிட்டன. 84 நாள், 365 நாள் என்று கிடைக்கின்றன.

கடலூர் முதுநகர், மீன் மொத்த வியாபாரி: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்கான சிம்களுக்கு ரீசார்ஜ் செய்வதில்லை. சென்ற ஆண்டு அவற்றில் ஓர் எண் போய்விட்டது. தடைக்காலமே 61 நாள்தானே? 90 நாள் அவகாசம் உண்டு என்றார்களே?

பதில்: நல்ல கேள்வி, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 90 நாள் என்பது பிளான் முடிந்த நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அந்த இணைப்பு கடைசியாகப் பயன்படுத்தப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா, கட்டணம் செலுத்துதல் ஆகிய எதுவும் 90 நாள் இல்லாமற்போனால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். ஏப்ரல் 15 அன்று தடை தொடங்குகிறது. ஆனால் பங்குனியிலேயே படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டால், அந்த சிம் மார்ச் நடுவிலேயே உறங்கிப்போயிருக்கும். ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிவதற்குள் 90 நாள் கடந்துவிடும்.

இதற்கு மலிவான காப்பு ஒன்று உண்டு. முதன்மைக் கணக்கில், அதாவது மெயின் பேலன்ஸில், 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், துண்டிக்காமல் அந்த 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. ஆனால் 20 ரூபாய் டாப்-அப் போட்டால் 20 ரூபாய் ஏறிவிடும் என்று எண்ணாதீர்கள். வரியும் கட்டணமும் கழிந்து 14 ரூபாய் 95 காசுதான் ஏறும். ஆகையால் இரண்டு முறை போடுங்கள். பிளானுக்குக் கட்டும் பணம் முதன்மைக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. அதுவும் கடந்தால் எண் வேறொருவருக்குப் போகும் வரிசையில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று: அந்தப் படகு சிம்கள் யார் பெயரில் இருக்கின்றன? ஓட்டுநர்கள் பெயரிலா, உங்கள் பெயரிலா? பார்த்துவிடுங்கள்.

வில்லியனூர், மளிகைக்கடை: மலிவான பிளான் எது?

பதில்: மேலே நேரு வீதிக்காரருக்குச் சொன்னதுதான். 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை கட்டுகிறீர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி, சிறு பட்டறை: ரீசார்ஜில் உள்ள ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: 299 ரூபாய் ரீசார்ஜில் ஏறத்தாழ 45 ரூபாய் 60 காசு வரி இருக்கிறது. உங்கள் ஜிஎஸ்டி எண் அச்சான வரி ரசீது இல்லாமல் அதை எடுக்க இயலாது. செயலியில் வரும் பணம் செலுத்திய சீட்டு அதற்கு உதவாது. உங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. அலைபேசிச் சேவைக்கான வட்டப் பிரிப்பில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டோடு சேர்ந்தவை. ஜிஎஸ்டியில் புதுச்சேரி தனி, அதன் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. பட்டறை புதுச்சேரியில் பதிவாகியிருக்க, இணைப்பு உங்கள் கடலூர் ஆதார் முகவரியில் இருந்தால், வரி தமிழ்நாட்டுக் கணக்குக்குப் போய்விடும். அதைப் புதுச்சேரிப் பதிவில் கோர இயலாது. வரிவரவு கட்டாயம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் பெயரில் போஸ்ட்பெய்டு வாங்குவதே நேர்வழி. ஒன்றிரண்டு இணைப்புகளுக்காக இவ்வளவு மெனக்கெடுவது வீண் வேலை என்பது என் எண்ணம்.

அரியாங்குப்பம், அழகு நிலையம்: இரண்டு சிம்மையும் ஒரே போனில் வைத்திருக்கிறேன். அழைத்தால் எடுப்பதில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள். ஆனால் என் போனில் தவறிய அழைப்பே காட்டுவதில்லை.

பதில்: பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்மும் விழித்திருக்குமே தவிர, ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும். வீட்டு எண்ணில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருக்கும்போது, கடை எண்ணை அழைப்பவருக்குத் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாகக் குரல் வரும். உங்கள் திரையில் எந்தச் சுவடும் இருக்காது. கடை எண்ணுக்கென்று ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கி வையுங்கள். எவராவது அழைத்து, நட்சத்திரம் 401 என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகளைத் திருப்பி ஓடிபி பறிக்கும் மோசடி அது. இதனால்தான் அவ்வாறு குறியீடு வழியே அழைப்புத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்க அரசு உத்தரவிட்டது.

நெல்லிக்குப்பம், இரும்புக்கடை: கடை எண் கடைக்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்ற முதல் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. அதன்படி ஐந்து ஊழியர்களுக்குத் தனித்தனி சிம் வாங்கி, 199 ரூபாய் பிளானை ஆண்டுக்கு 13 முறை போட்டால் 12,935 ரூபாய் ஆகிறது. எல்லோரிடமும் சொந்த எண் இருக்கிறது. மாதம் 100 ரூபாய் படியாகக் கொடுத்துவிட்டால் ஐயாயிரம், ஆறாயிரத்தில் முடிந்துவிடும். கடைக்குப் பெயர் இருந்தால் வாடிக்கையாளர் எங்கே போய்விடுவார்?

பதில்: மிச்சப்படுத்தும் ஏழாயிரத்துக்காக வாடிக்கையாளர் பட்டியலையே ஊழியர் சட்டைப்பையில் வைத்துவிடுகிறீர்கள். கொத்தனார் கம்பி கேட்க அழைப்பது கடையை அன்று, தன் போனில் பெயர் பதிந்து வைத்திருக்கும் ஆளை. அந்த ஆள் எதிர்க்கடைக்குப் போனால் அழைப்பும் எதிர்க்கடைக்குப் போகும்.

பெயர் வேண்டாம் என்றவர், முன்னாள் விற்பனையாளர், கடலூர்: ஐயா, ஊழியர்கள் திருடுவதுபோல் எழுதுகிறீர்கள். நான் இருந்த கடையில் என்னைக் கேட்காமலே என் சொந்த எண்ணை நாட்காட்டியில் அச்சடித்தார்கள். ஒரு ரூபாய் படி தந்ததில்லை. நான் விலகிய பிறகும் இரவு பத்து மணிக்கு சிமெண்ட் விலை கேட்கிறார்கள். வாடிக்கையாளரை என்னோடு கொண்டுபோனேன் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்கிறார். எண் என்னுடையது, அலைந்து பழகியதும் நான்தான்.

நெல்லிக்குப்பம், இரும்புக்கடை: சம்பளம் வாங்கிக்கொண்டுதானே தம்பி பழகினீர்கள்?

முன்னாள் விற்பனையாளர்: சம்பளம் உழைப்புக்கு வாங்கினேன் அண்ணே, என் போனுக்கு வாங்கவில்லை.

பதில்: இருவரும் சற்றுப் பொறுங்கள். இதில் தம்பி சொல்வதே முறை. அவருடைய ஆதாரில் உள்ள எண் அவருடையது. அதைக் கேட்காமல் அச்சடித்தது முதலாளியின் தவறு. விலகிய பிறகு அவர் அந்த எண்ணில் யாரோடு பேசினாலும் அதைக் குற்றம் என்று சொல்ல இயலாது. ஊழியர் நேர்மையற்றவர் என்பதற்காக நான் தனி எண் வைக்கச் சொல்லவில்லை. உரிமை யாருடையது என்ற வழக்கே பின்னால் எழாமல் இருப்பதற்காகத்தான் சொல்கிறேன். ஊழியருக்கும் அதில் நன்மை உண்டு. கடையைப் பூட்டியதும் கடை எண்ணையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நெல்லிக்குப்பம்காரரின் செலவுக் கணக்கில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஐந்து சிம் எதற்கு? கடைக்கென்று ஒரே ஓர் எண். அதில் வணிக வாட்ஸ்அப். அந்த ஒரே கணக்கை மேலும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். விலைப்பட்டியல், ஆர்டர், ரசீது எல்லாம் ஊழியர்கள் தத்தம் கருவியிலிருந்து கடை எண்ணின் பெயரிலேயே அனுப்பலாம். ஒருவர் விலகினால் அவருடைய கருவியை மட்டும் நீக்கிவிட்டால் போதும். முதன்மை போனைத் தொடர்ந்து 14 நாள் திறக்காமல் விட்டால் மற்றவை தாமாகவே விலகிக்கொள்ளும் என்பதால், அது கல்லாவிலேயே உயிரோடு இருக்கட்டும். வெளியே சென்று வசூல் செய்பவருக்கு மட்டும் இரண்டாவது சிம் வாங்குங்கள். செலவு நீங்கள் சொன்ன ஆறாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

பண்ருட்டி, முந்திரி வியாபாரி: அப்படியானால் எல்லா சிம்மும் என் பெயரிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒருவர் பெயரில் 9 இணைப்புகள்வரைதான் இருக்கலாம். வீட்டார் எண்களும் அதில் சேரும். உங்கள் பெயரில் எத்தனை இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் தென்பட்டால் அங்கேயே புகார் கொடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் நிறுவனத்தின் பெயரில் வணிக இணைப்பு வாங்க வேண்டும். அதிலும் பயன்படுத்தப்போகும் ஒவ்வொருவரின் அடையாளமும் சரிபார்க்கப்படும்.

பாகூர், ஊறுகாய்த் தொழில்: என் ஒரே எண்தான் பாட்டில் லேபிளிலும் இருக்கிறது, வங்கிக் கணக்கிலும் இருக்கிறது. தவறா?

பதில்: தவறுதான் அம்மா. ஊரறிந்த எண் வங்கிக்கு வேண்டாம். வங்கி எண் ஊருக்கு வேண்டாம். உதவிக்கு வரும் பெண்ணிடம் ஆர்டர் எடுக்கச் சொல்லி அந்தப் போனைக் கொடுத்தால் ஓடிபியும் சேர்ந்தே அவர் கைக்குப் போகிறது. லேபிளை மாற்றுவது செலவு என்பதால் வங்கியில் எண்ணை மாற்றுங்கள். கிளைக்கு நேரில் போங்கள். புதிய வங்கி எண் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் அதன் வேலிடிட்டியை மறந்துவிடாதீர்கள். அது துண்டிக்கப்பட்டு வேறொருவரிடம் போனால், உங்கள் வங்கிச் செய்திகள் அவருக்குப் போகும்.

கடலூர், மனை விற்பனை: மனை விளம்பரத்துக்குப் பலரை அழைத்தோம், ஒரு சிம்மில் வெளியழைப்பு நின்றுவிட்டது. வேறு சிம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்யக் கூடாது; அதற்குப் பதிவு செய்துகொண்டு 140 என்று தொடங்கும் வரிசை எண் வாங்க வேண்டும். ட்ராய் 2025 பிப்ரவரியில் செய்த விதித் திருத்தத்தின்படி 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் முறை 15 நாள் வெளியழைப்புத் தடை. மறுமுறை உங்கள் பெயரில் எல்லா நிறுவனங்களிலும் உள்ள இணைப்புகள் அனைத்தும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். உங்கள் வங்கி எண்ணும் அந்த அனைத்தில் ஒன்று.

குறிஞ்சிப்பாடி, மருந்துக்கடை: புயல் நேரத்துக்கு இரண்டு நிறுவன சிம் வைத்தால் போதுமா?

பதில்: பாதிதான் உதவும். 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த நமக்கு இது தெரிய வேண்டும். ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் தொங்குவது உண்டு. மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் வராவிட்டால் எல்லாம் சேர்ந்தே அணையும். வெவ்வேறு கோபுரங்களிலிருந்து சிக்னல் வரும் இரண்டு நிறுவனங்களாகப் பார்த்து வாங்குங்கள். பிளான் முடியும் நாள் ஐப்பசி, கார்த்திகைக்குள் விழாதபடி நீண்ட நாள் ரீசார்ஜாகப் போட்டுவிடுங்கள். இணையம் இல்லாத நாளில் என் கடையிலும் ரீசார்ஜ் ஏறாது.

உழவர்கரை, பேக்கரி: எந்த பிளான் நல்லது?

பதில்: மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

நெய்வேலி, தையற்கடை: போன் அடிக்கடி நின்றுவிடுகிறது. சிம் கோளாறா?

பதில்: சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் போன் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். அது என் துறை அன்று.

கூத்தப்பாக்கம், பாத்திரக்கடை: கடை போன் பேருந்தில் தொலைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பதில்: நிறுவனத்தின் சேவை மையத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள், உடனே வங்கியை அழைத்து யுபிஐயை நிறுத்துங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலைக் கொண்டு சஞ்சார் சாத்தியில் கருவியையே முடக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் அதற்கு வேண்டும். புதிய சிம் வாங்க, சந்தாதாரர் நேரில் போக வேண்டும். அது உங்கள் மகன் பெயரில் இருந்து, மகன் துபாயில் இருந்தால் சிரமம்தான். புதிய சிம் உயிர்பெற்ற பிறகும் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, ஆகவே ஓடிபியும் வராது. அதற்குள் சிம் பழுது என்று திரும்ப ஓடாதீர்கள். 7 நாளுக்குப் போர்ட் செய்யவும் இயலாது. சரக்குக்காரருக்கு அன்று பணம் அனுப்ப வேண்டியிருந்தால், வங்கிக் கிளைக்குக் காசோலையுடன் போய்விடுங்கள்.