பிக்கப் வண்டியின் பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப்: கேள்வி-பதில்

லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டி என்று சொல்லி விற்றார்கள். சேற்றில் இறங்கினால் ஒரு பின்சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது. கழற்றாமலே உள்ளே இருப்பது என்னவென்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். லிமிடெட் ஸ்லிப் என்பது, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றுவிடாமல் தடுக்கும் ஏற்பாடு. முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின் ஆக்சிலை இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரமும் அதே திசையில் திரும்பினால் அது பெரும்பாலும் உராய்வுத் தட்டுகளால் பிடிக்கும் கிளட்ச் பிளேட் வகை. பிளேட்டுகளும் இன்னும் பிடிக்கின்றன.

எதிர்த்திசையில் திரும்பினால் உடனே 'சாதா டிஃபரன்ஷியல்' என்று முடிவுகட்ட வேண்டாம். பிளேட் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்பும் அப்படித்தான் திரும்பும். செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்புகளில் ஜி80 என்ற குறியீட்டோடு வரும் ஈட்டன் டிஃபரன்ஷியலும் அப்படியே. அது லிமிடெட் ஸ்லிப்பே அல்ல, தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர். இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றை எட்டினால்தான் உள்ளே இருக்கும் கவர்னர் எடைகள் விரிந்து பூட்டும். கையால் சுற்றி அந்த வேகத்தை எட்ட முடியாது.

ஆகவே ஆக்சிலில் இருக்கும் தகடு, கதவோரத்திலோ டாஷ்போர்டிலுள்ள குளோவ் பாக்ஸிலோ ஒட்டியிருக்கும் குறியீட்டுத் தாள் ஆகியவற்றைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இன்னொன்றும் உண்டு: விளம்பரத்தில் 'லிமிடெட் ஸ்லிப்' என்று இருந்தும், சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடு மட்டுமே சில வண்டிகளில் இருக்கும். உள்ளே இருப்பது சாதா டிஃபரன்ஷியல்தான்.

கிளட்ச் வகைதான் என்று உறுதியாகிவிட்டது. பிளேட்டுகள் தேய்ந்துவிட்டனவா என்று எப்படி அளப்பது?

இந்தச் சோதனைக்கு ஒரு பின்சக்கரம் தரையில் இருக்கட்டும்; மற்றதை மட்டும் தூக்குங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுபட்ட நிலையில். தூக்கிய சக்கரம் நகரத் தொடங்கும் முறுக்குவிசையை டார்க் ரெஞ்சால் அளக்க வேண்டும். ஃபோர்டு டிராக்‌ஷன்-லாக் என்ற கிளட்ச் வகைக்குக் குறைந்தது 27 நியூட்டன் மீட்டர் வேண்டும். மற்ற ஆக்சில்களுக்கு அந்தந்த சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். ரெஞ்சைச் சக்கரத்தின் நடுமையத்தில் பொருந்தும் அடாப்டரில் மாட்டுங்கள். வீல் நட்டில் மாட்டினால் அளவு தப்பாக வரும்.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டி, கியர் போட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் விசை போகும். வண்டி ஜாக்கியை விட்டு இறங்கி ஓடிவிடும்.

அளவு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால் வண்டி நகர்வதில்லை. ஏன்?

27 நியூட்டன் மீட்டர் என்பது டயர் விளிம்பில் சுமார் 7 கிலோ இழுப்புதான். ஸ்பிரிங் தரும் ஆரம்பப் பிடிப்பு அவ்வளவே. மீதிப் பிடிப்பு சுமையிலிருந்து வருகிறது: முறுக்குவிசை ஏற ஏற உள்ளிருக்கும் சைடு கியர்கள் வெளிப்பக்கம் தள்ளிப் பிளேட்டுகளை நெருக்குகின்றன. தொங்கும் சக்கரம் எதிர்ப்பே காட்டாதபோது சுமை ஏறாது, பிளேட்டும் நெருங்காது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் காற்றில் சுற்றும் சக்கரம்தான் வேகமெடுக்கும்.

டோர்சன் போன்ற பல்சக்கர வகையில் இது இன்னும் வெளிப்படை. அதன் விகிதம் 2.5 என்றால், பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப்போல இரண்டரை மடங்கு வரை மறுபக்கம் போகும். பூஜ்யத்தின் இரண்டரை மடங்கு பூஜ்யம்தான்.

வழி ஹேண்ட் பிரேக்கில் இருக்கிறது. இரண்டு மூன்று பல் இழுத்துவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பிரேக் ஒவ்வொரு பின்சக்கரத்திலும் 200 நியூட்டன் மீட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் பக்கம் இப்போது 200 தாங்குகிறது. மறுபக்கம் 500 வரை போகலாம். அங்கேயுள்ள பிரேக் 200-ஐத் தின்றாலும் 300 மிச்சம். நகர்ந்ததும் பிரேக்கை விடுங்கள். பட்டன் வகை ஹேண்ட் பிரேக் என்றால் கால் பிரேக்கை லேசாக மிதிக்கலாம். அது முன்சக்கரங்களையும் பிடிப்பதால் பலன் குறைவு.

கியர் ஆயில் மாற்றிய பிறகு, நின்று கிளம்பி ஒடித்துத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று உதறுகிறது.

ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற, பிளேட் சீராக நழுவ உதவும் சேர்ப்பு மருந்தை ஊற்றாமல் விட்டிருப்பார்கள். பிளேட்டுகள் வழுவழுவென்று நழுவாமல் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டுவதால் வரும் சத்தம் அது. டின்னில் லிமிடெட் ஸ்லிப்புக்கு உரியது என்று போட்டிருந்தால் அதிலேயே சேர்ந்திருக்கும். இல்லையென்றால் தனியாக ஊற்ற வேண்டும், ஃபோர்டு 8.8 அங்குல ஆக்சிலுக்கு 118 மில்லி. ஆயில் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் முதலில் அதே அளவைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக 8 வடிவத்தில் பத்து முறை ஓட்டினால் மருந்து பிளேட்டுகளுக்கு இடையே இறங்கும்.

சத்தம் போகவில்லையே என்று ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். அளவு மிஞ்சினால் பிளேட் பிடிக்காது. சாதா டிஃபரன்ஷியல் போல ஆகிவிடும். அப்படியும் உதறினால் பிளேட் கருகிப் பளபளத்திருக்கலாம். ஜி80-க்கு மட்டும் இந்த மருந்தே கூடாது. அதன் பூட்டு உராய்வை நம்பித்தான் வேலை செய்கிறது.

மழையில் காலி வண்டியின் பின்பக்கம் வளைவில் வழுக்கி வெளியே போகிறது. லிமிடெட் ஸ்லிப் பாதுகாப்புக்காகத்தானே?

அது இழுவைக்காக. சாதா டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் வழுக்கினாலும் வெளிச்சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டுமே சேர்ந்து வழுக்கும். காலி பிக்கப்பில் பின்பக்கம் எடையே இருக்காது என்பதால் இது சீக்கிரம் வருகிறது. ஈரத்தில் வளைவு முடிந்து ஸ்டியரிங் நேராகும்வரை ஆக்சிலரேட்டரை ஏற்றாதீர்கள். பின்பக்கம் நழுவத் தொடங்கினால் மெல்லத் தளர்த்துங்கள். பிரேக்கை அழுத்தினால் நிலைமை மோசமாகும். எடை ஏற்றுவதென்றால் ஆக்சிலுக்கு நேர் மேலே, கட்டி வையுங்கள். பக்கச் சரிவான சேற்றுப் பாதையிலும் இதே கதை: இரு சக்கரமும் சுழன்றால் வண்டி தாழ்வான பக்கம் இறங்கும்.

பின்பக்கம் வேறு அளவு ஸ்டெப்னி மாட்டி ஓட்டலாமா?

வேண்டாம். ஆரத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மூன்று சுற்றுக்கு மேல் ஒரு சக்கரம் கூடுதலாகச் சுற்றும். நேர்ச்சாலையிலும் பிளேட் ஓயாமல் தேயும். முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாட்டி, ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள். நாலு சக்கர இயக்கத்தை மட்டும் போடாதீர்கள்.

தண்ணீரில் ஆக்சில் முங்கியது. ஆயிலை உடனே மாற்ற வேண்டுமா?

ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றுங்கள். ஈரம் பிளேட்டின் உராய்வுப் பூச்சை உரித்துவிடும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதரில் ஒரு குழாய் மாட்டி மேலே கொண்டுபோய் வையுங்கள். வடிக்கும்போது காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். செதில்களோ பல் துண்டுகளோ கிடைத்தால் கவரைத் திறந்து கிரவுன் வீல், அதைச் சுற்றவைக்கும் பினியன் ஆகிய இரு பல்சக்கரங்களையும் பாருங்கள்.

பிளேட் செட்டை நானே மாற்றலாமா?

டிராக்‌ஷன்-லாக்கில் எஸ் வடிவ ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும். தட்டி எடுக்கும்போது தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். இரும்புத் தட்டும் உராய்வுத் தட்டும் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுத்து வையுங்கள். புது உராய்வுத் தட்டுகளை மாடிஃபையரில் அரை மணி நேரமாவது ஊறவிட்ட பிறகே கோர்க்க வேண்டும். டிஃபரன்ஷியலின் கூடான கேரியரை வெளியே எடுத்தால் பேரிங் மூடிகளான கேப்புகளும் இடைவெளித் தகடுகளான ஷிம்களும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தனவோ அந்தப் பக்கமே திரும்பப் போக வேண்டும். மாறினால் கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள இடைவெளி கெட்டு, ஓடும்போது ஊளைச் சத்தம் கேட்கும்.