வேகம் குறைந்த கணினியில் கேம் விளையாடுவதைப் பதிவு செய்ய எந்த இலவச மென்பொருள் ஏற்றது?

4 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினியில் கேம் ஓரளவு சரளமாக ஓடுகிறது, ரெக்கார்டிங்கைத் தொடங்கியவுடன் திணறுகிறது, பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடிய நல்ல மென்பொருள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணினியின் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் வீடியோ என்கோடர் (வீடியோவைச் சுருக்குவதற்கான தனி மின்சுற்று) இருந்தால், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரை முதலில் முயன்று பாருங்கள்; அது போதாதபோது ஓபிஎஸ் ஸ்டூடியோவுக்கு வாருங்கள். என்கோடர் இல்லையென்றால் நேராக ஓபிஎஸ்ஸுக்கே போய்விடலாம். இந்த இரண்டைத் தாண்டி 'மிக லேசான ரெக்கார்டர்' என்று தேடி ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்பதில் நேரம்தான் வீணாகும் என்பது என் அனுபவம்.

அந்த அனுபவம் என் அக்காள் மகனுடைய மடிக்கணினியில் கிடைத்தது. இன்டெல் ஐ3-5005யு ப்ராசஸர், இரண்டே கோர், 2 கிகாஹெர்ட்ஸ் வேகம், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், 1366×768 திரை. அவன் மைன்கிராஃப்ட்டில் பல நாள்களாக ஒரு ரயில் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நடைமேடை, பாலம், சுரங்கம் எல்லாம் முடிந்த பிறகு, அதில் வண்டி ஓடுவதைப் பதிவு செய்து நண்பர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டான். எஃப்3 விசையை அழுத்தினால் திரையின் மூலையில் தெரியும் எண், சாதாரணமாக நொடிக்கு 50 ஃபிரேமை (படத்தை) ஒட்டியே இருந்தது. இணையத்தில் 'லேசானது' என்று பாராட்டப்பட்ட ஒரு மென்பொருளை நிறுவி ரெக்கார்டிங்கைத் தொடங்கினோம். அந்த எண் 18-க்கு இறங்கியது. பதிவான வீடியோவில் தண்டவாளத்தின் ஓசை தடையின்றிக் கேட்டது, வண்டி மட்டும் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே தாவித் தாவிப் போனது. இன்னும் இரண்டு மென்பொருள்களை மாற்றிப் பார்த்தோம். அவற்றிலும் இதே கதைதான். மூன்றுமே ஒரே தவற்றைச் செய்தன என்பது பிறகுதான் புரிந்தது: ஏற்கெனவே கேமைச் சுமந்துகொண்டிருந்த ப்ராசஸரின் தலையிலேயே வீடியோவின் சுமையையும் ஏற்றியிருந்தன.

திரையில் தெரிவதை எடுப்பது பெரிய வேலையல்ல. எடுத்த ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கிக் கோப்பாக்குவதுதான் கடினம். இதைத்தான் என்கோடிங் என்கிறார்கள். 1920×1080 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் பதிவு செய்தால் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளைக் கையாள வேண்டும். அதையே 1280×720 அளவில் 30 ஃபிரேமாகக் குறைத்தால் 2 கோடியே 76 லட்சம் புள்ளிகள் போதும், அதாவது வேலை நான்கரை மடங்கு குறைகிறது. ஆகவே உங்கள் முன் உள்ள முடிவுகள் இரண்டு: இந்த வேலையை யாரிடம் கொடுப்பது, எவ்வளவு வேலை கொடுப்பது. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

யாரிடம் கொடுப்பது என்பதை முதலில் பார்ப்போம். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் ப்ராசஸர்களிலிருந்து, இன்டெல் தன் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் 'குயிக் சிங்க்' என்ற தனி என்கோடரை வைத்து வருகிறது. என்விடியா 2012-இல் ஜிஃபோர்ஸ் 600 வரிசையில் 'என்வென்க்' என்ற என்கோடரைக் கொண்டுவந்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் ரேடியான் ஹெச்டி 7000 வரிசையில் தன்னுடையதைச் சேர்த்தது. இவை வீடியோவைச் சுருக்குவதற்கென்றே செய்யப்பட்ட மின்சுற்றுகள் என்பதால், வேலையை இவற்றிடம் ஒப்படைத்தால் ப்ராசஸர் பெரும்பாலும் கேமுக்கே கிடைக்கும். உங்களிடம் எந்த சிப் இருக்கிறது என்பதை டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பெயரை வைத்து என்கோடர் உண்டா என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். குறைந்த விலையில் கிடைப்பதால் பலரும் வாங்கும் ஜிடி 1030 கார்டில் என்வென்க் இல்லை. இதை அறியாமல் ரெக்கார்டிங்குக்காகவே அதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

கேம் பாரை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அது இந்த என்கோடரைத் தவிர வேறு எதையும் நம்பியிருப்பதில்லை. இன்டெல் ஹெச்டி 4000, ஜிஃபோர்ஸ் 600, ரேடியான் ஹெச்டி 7000 அல்லது அவற்றுக்குப் பிந்தைய கிராஃபிக்ஸ் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கேட்கிறது. அது இல்லாத கணினியில் பதிவு செய்ய மறுத்துவிடும். விண்டோஸ் விசையுடன் ஜி எழுத்தை அழுத்தினால் திறக்கும். விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். செட்டிங்ஸில் 'கேமிங்' பிரிவின் கீழ் உள்ள 'கேப்சர்ஸ்' பக்கத்தில் ஃபிரேம் வேகத்தை 30 என்றும் தரத்தை 'ஸ்டாண்டர்ட்' என்றும் வையுங்கள். முடிந்துபோன காட்சியைப் பின்னணியில் தொடர்ந்து பதிந்துகொண்டே இருக்கும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. மெதுவான கணினியில் அதை அணைத்து வைப்பதே நல்லது. கேம் பார் டெஸ்க்டாப்பைப் பதிவு செய்யாது, வீடியோவின் அளவையும் நம் விருப்பப்படி மாற்ற விடாது. 10 நிமிடக் காட்சியைப் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவது மட்டும்தான் நோக்கமென்றால் இந்தக் குறைகள் உங்களைத் தொடவே போவதில்லை.

ஓபிஎஸ் 2012 முதல் வளர்ந்து வரும் திறமூல மென்பொருள். வாட்டர்மார்க் கிடையாது, நேர வரம்பு கிடையாது, பிறகு பணம் கேட்பதும் கிடையாது. அது கனமானது, பழைய கணினிக்கு ஆகாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அமைப்புகளைத் தொடாமல் அப்படியே ஓட்டியவர்களின் கருத்து அது என்றே நினைக்கிறேன். செட்டிங்ஸில் 'அவுட்புட்' பக்கத்தைத் திறந்து, ரெக்கார்டிங் என்கோடர் என்ற இடத்தில் 'ஹார்டுவேர்' என்று தொடங்கும் தேர்வைக் குறியுங்கள். இன்டெல் கணினியாக இருந்தால் அருகில் க்யூஎஸ்வி என்று, அதாவது குயிக் சிங்க்கின் சுருக்கப் பெயர், இருக்கும். பிறகு 'வீடியோ' பக்கத்தில் அவுட்புட் அளவை 1280×720 என்றும் ஃபிரேம் வேகத்தை 30 என்றும் வையுங்கள். கேமையும் அதே 1280×720 அளவில் ஓட்டினால் ஃபிரேம்களின் அளவை மாற்றும் கூடுதல் வேலையும் மிச்சமாகும். காட்சி மூலமாக 'கேம் கேப்சர்' ஒன்றை மட்டும் சேருங்கள்; வெப்கேம், அசையும் எழுத்துகள், பிரௌசர் பக்கம் போன்றவை ஒவ்வொன்றும் கிராஃபிக்ஸ் சிப்பிடம் பங்கு கேட்கும். ஓபிஎஸ் சாளரத்தில் தெரியும் முன்னோட்டத்தின் மீது வலது கிளிக் செய்து அதையும் அணைத்துவிடலாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. என்கோடரிடம் வேலையை ஒப்படைத்த பிறகும் வீடியோ தத்தளித்தால், கேம் தனியாகவே கிராஃபிக்ஸ் சிப்பை முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஃபிரேமைத் தொகுத்து என்கோடரிடம் கொடுக்க ஓபிஎஸ்ஸுக்கும் அந்தச் சிப்பில் சிறிது இடம் வேண்டும். ஓபிஎஸ்ஸின் 'ஸ்டாட்ஸ்' சாளரம் இதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும். ரெண்டரிங் லேக்கால் தவறிய ஃபிரேம்கள் கூடினால் சுமை கிராஃபிக்ஸ் சிப்பில் இருக்கிறது, கேமின் வேகத்துக்கு வரம்பு போடுங்கள். என்கோடிங் லேக்கால் விடுபட்டவை கூடினால் என்கோடரால் ஈடுகொடுக்க முடியவில்லை, வீடியோவின் அளவைக் குறையுங்கள். அக்காள் மகனின் கணினியில் முதல் எண்தான் ஏறியது. மைன்கிராஃப்ட்டின் வீடியோ அமைப்புகளில் ரெண்டர் டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் வரை காட்சி வரையப்படும் என்பதை) 6-க்கு இறக்கி, அதிகபட்ச ஃபிரேம் வேகத்தை 40 என்று வைத்தோம். தவறுவது நின்றது, ஆனால் பார்வையைத் திருப்பும்போது வீடியோவில் மெல்லிய உதறல் தெரிந்தது. 40 ஃபிரேமிலிருந்து 30-ஐ எடுக்கும்போது இடைவெளி சீராக அமையாது. வேகத்தை 30 என்றே வைத்ததும் உதறல் போய்விட்டது. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும் வரை ஒரு தாவல்கூட இல்லை. விண்டோஸ் 10-இலும் 11-இலும் ஓபிஎஸ்ஸை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்தால் கிராஃபிக்ஸ் சிப்பில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்கோடரே இல்லாத கணினி என்றால், ஓபிஎஸ்ஸின் அதே என்கோடர் பட்டியலில், ப்ராசஸரைக் கொண்டே சுருக்கும் எக்ஸ்264 என்ற பெயரில் இரண்டு தேர்வுகள் இருக்கும். அவற்றில் ப்ராசஸரைக் குறைவாகப் பயன்படுத்தும், ஆனால் கோப்பின் அளவைக் கூட்டும் என்ற குறிப்புடன் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பெரிதாவதைப் பொறுத்துக்கொள்ளலாம்; முடிந்த வீடியோவை இரவில் வேறு மென்பொருளால் நிதானமாகச் சுருக்கிக்கொள்ள முடியும், விளையாடும்போது தவறிப்போன ஃபிரேமை மட்டும் எதனாலும் திரும்பப் பெற முடியாது. அப்போதும் திணறினால் 854×480 அளவுக்கு இறங்கத் தயங்காதீர்கள். விண்டோஸ் 7 அல்லது 8 வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த ஓபிஎஸ் 28-ஆம் பதிப்பிலிருந்து ஆதரவு இல்லை, 27.2.4 பதிப்பே அவற்றில் ஓடும் கடைசிப் பதிப்பு.

மற்ற பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்விடியா கார்டு இருந்தால் ஷேடோபிளேவும், ஏஎம்டி கார்டு இருந்தால் அதன் டிரைவருடன் வரும் ரெக்கார்டரும் கேம் பாருக்கு நல்ல மாற்று. பாண்டிகாமின் இலவசப் பதிப்பு 10 நிமிடத்தில் நின்றுவிடும், வீடியோவின் மேல் தன் பெயரையும் பொறிக்கும். ஃப்ராப்ஸ் 2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, அதன் இலவசப் பதிப்பு 30 நொடிதான் பதிவு செய்யும். கட்டண மென்பொருளின் 'கிராக்' பதிப்பைத் தயவுசெய்து நாடாதீர்கள்; அதனுடன் ஒட்டிக்கொண்டு வருபவை, ஏற்கெனவே மெதுவான கணினியை இன்னும் மெதுவாக்கிவிடும்.

கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 720பி அளவில் 30 ஃபிரேமுக்கு பிட்ரேட்டை 5,000 கேபிபிஎஸ் (நொடிக்கு 5,000 கிலோபிட்) என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 37.5 எம்பி, மணிக்கு இரண்டே கால் ஜிபி ஆகும். பதிவைத் தொடங்கும் முன் அந்த அளவு காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவின் வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். நாங்கள் தொடக்கத்தில் சாதாரண எம்பி4 வடிவத்தில்தான் பதிவு செய்துகொண்டிருந்தோம். பேட்டரி செத்துப்போன அந்த மடிக்கணினி சார்ஜரின் தயவில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மாலையில் மின்சாரம் போனது. 40 நிமிடப் பதிவு டிஸ்க்கில் இருந்தும் எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை, ஏனெனில் அந்த வடிவம் தன் அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். எம்கேவி அப்படியல்ல, அறுந்த நொடி வரை உள்ளது கைக்குக் கிடைக்கும். பிறகு எடிட்டருக்கு எம்பி4 தேவைப்பட்டால், ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் உள்ள 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' அதை மறுபடி சுருக்காமல் அப்படியே மாற்றித் தரும். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் அரை மணி நேர வீடியோவுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை.