சுங்கை சிப்புட் தோட்டப் பாதையில் ஓடும் பழைய ப்ரியஸ் சி: எந்த டயர், என்ன பராமரிப்பு?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான உங்கள் பழைய டொயோட்டா ப்ரியஸ் சி-க்கு எந்த டயர், என்ன பராமரிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஓட்டம் செம்மண், சரளைப் பாதை. மீதி நெடுஞ்சாலை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் டயரை அல்ல, பின்சீட்டைப் பாருங்கள். அதன் ஓரத்தில் உள்ள காற்றுத் துளை வழியாகத்தான் ஹைபிரிட் பேட்டரி குளிர்கிறது. தோட்டத்துப் புழுதி அங்கே அடைந்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். மாதம் ஒருமுறை வெக்குவம் போடுங்கள். பையோ துணியோ வைத்து மறைக்காதீர்கள். உள்ளிருக்கும் விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கின் வேலை. ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் உண்டு, தொடவே கூடாது.

15 அங்குல ரிம் என்றால் 175/65 ஆர்15 அளவிலேயே இருங்கள். அகல டயர் போட்டால் பெட்ரோல் செலவு கூடும். எரிபொருள் மிச்சப்படுத்தும் டயர்களில் சிலவற்றுக்குப் பக்கச்சுவர் மெல்லியது, கூரிய சரளை கிழித்துவிடும். உங்களுக்கு ஈரச்சாலைப் பிடிப்பும் உறுதியான பக்கச்சுவரும் முக்கியம். லிட்டருக்கு ஓடும் தூரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வாங்கும்போது பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. டயர் பள்ளத்தின் ஆழத்துக்குச் சட்ட வரம்பு 1.6 மி.மீ. என்றாலும், நம் மழைக்கு 3 மி.மீ. வந்ததுமே மாற்றுங்கள். காற்றழுத்தத்தைக் கதவோர ஸ்டிக்கர் சொல்லும் அளவில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

மின்மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் மெதுவாகத்தான் தேயும். ஆனால் பேடை அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் ‘பின்’ (pin) சேறு புகுந்து இறுகிவிடும், 20,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் போடச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணெய் 0டபிள்யூ-20 (0W-20) தரத்தில் இருக்கட்டும்.